வேர்வை ஏறாத இடம்

பிடியக்காவின் மனசில் கடைசிவரை என் முகம் நிற்கவேயில்லை. நாலு வருஷப் பழக்கம் எங்களுக்கு. அப்படியிருந்தும் ஒருநாள் பண்ணைக்காடு பஸ் ஸ்டாப்பில் எதிரே போய் நின்று, “என்னக்கா, நல்லாயிருக்கீங்களா?” என்று பல்லைக் காட்டியபோது, வழி தெரியாமல் வந்து நிற்கும் டூரிஸ்டைப் பார்ப்பதுபோல என்னை ஏற இறங்கப் பார்த்தார். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. இடது கையை அவர் முன்னால் நீட்டினேன். சால்வைக்குள்ளிருந்து அவர் கை வெளியே வந்து என் விரல்களைப் பற்றித் திருப்பிப் பார்த்தது.

“அட, நெட்டவெரலு! நீயா தம்பி? மொதல்லயே கையக் காட்ட வேண்டியதுதானே. மூஞ்சியக் காட்டிக்கிட்டு நிக்கிற!”

பக்கத்தில் நின்ற கண்டக்டர் சிரித்துவிட்டார். பஸ் ஸ்டாப்பில் ஒரு பெரிய மனுஷியிடம் இடது கையை நீட்டுகிறானே, என்ன பிறவி இவன் என்று இரண்டு பேர் முறைத்தார்கள். எனக்கு வேறு வழியில்லை. அக்காவுக்குத் தெரிந்தது என் இடது கை மட்டும்தான்.

நான் தச்சு வேலை செய்கிறவன். அட்டுவம்பட்டியில் பட்டறை. கொடைக்கானலில் பழைய பங்களாக்களை வாங்கி ரிசார்ட் ஆக்குகிறவர்கள், குளியலறையை மட்டும் புதுசாகக் கட்டிவிட்டு, கதவும் ஜன்னலும் பழையபடியே இருக்க வேண்டும் என்பார்கள். அந்த ஜன்னல் சட்டங்களின் வளைவுக்கு மெஷின் ஆகாது, கடித்துவிடும். உளிதான் வேண்டும். அப்படி ஒரு பங்களாவின் கோழிக்கூண்டுக்குள் தகரப்பெட்டி நிறைய உளிகள் கிடைத்தன. அத்தனையும் சீமை இரும்பு, தீட்டினால் முடியை மழிக்கும். ஆனால் பிடிகளைப் பூச்சி அரித்திருந்தது. கையில் எடுத்ததும் மாவாக உதிர்ந்தன.

பழனியில் வாங்கிய பிடிகளைப் போட்டுப் பார்த்தேன். நாலு அடியில் வெடித்தன. அந்த எரிச்சலோடு திரும்பவும் பழனிக்குப் போய் இரும்புக்கடை பாயிடம் சண்டை போட்டபோது அவர்தான் சொன்னார். “தாண்டிக்குடிப் பக்கம் காப்பித் தோட்டத்து லயன்ல ஒரு அம்மா இருக்காங்க. பழைய உளி, இழைப்புளி, ரம்பம், எல்லாத்துக்கும் பிடி போடுவாங்க. நல்லாப் போடுவாங்க. ஆனா அவங்க வாய நீங்கதான் தாங்கிக்கணும்.”

வாய் என்ன செய்துவிடும் என்று போனேன்.

சிலோனிலிருந்து வந்த குடும்பங்கள் இருக்கும் லயன் அது. ஒட்டி ஒட்டிப் பத்து வீடுகள், முன்னால் காப்பி காயும் களம். கடைசி வீட்டில் அறுபதை நெருங்கிய ஒரு பெண், மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு, உடைந்த கண்ணாடிச் சில்லால் ஒரு பிடியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். பெட்டியை வைத்தேன். உளிகளைப் பெருமையாக எடுத்துக் காட்டினேன். பிடியக்கா அவற்றைப் பார்க்கவே இல்லை.

“உளிய எந்தக் கையில பிடிப்ப?”

“எடது கையில. வலது கையில அடிக்கிற கொட்டாப்புளி இருக்கும்ல?”

“அப்ப எடது கையக் கழுவிட்டு வா.”

கழுவிவிட்டு வந்தேன். ரொட்டிக்குத் தேங்காய்ப்பூ போட்டுப் பிசைந்து வைத்திருந்த மாவில் ஒரு உருண்டையை உருட்டி என் இடது கையில் வைத்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பீச்சாங்கையில் யாராவது சாப்பாட்டு மாவைக் கொடுப்பார்களா?

“உளியப் பிடிக்கிற மாதிரி இறுக்கிப் பிடி. இன்னும் இறுக்கு. ம், விடு.”

நாலு விரலும் கட்டைவிரலும் பதிந்த மாவை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். ஒவ்வொரு பள்ளத்திலும் தன் விரலை வைத்து வைத்துப் பார்த்தார். ஒரு நிமிஷம் இருக்கும். பிறகு அதைத் தட்டையாகத் தட்டி அடுப்பிலிருந்த கல்லில் போட்டுவிட்டார்!

“அக்கா, அளவு?”

“எடுத்தாச்சு.”

“எழுதி வைக்கலையா?”

“எழுதி வச்சா எழுத்துதான் இருக்கும். ஒன் கை எனக்கு விளங்கிருச்சு. இந்தா, சாப்பிடு.”

தட்டில் ரொட்டியும் ஓரத்தில் மிளகாய்ச் சம்பலும் வந்தன. பிடித்தவர்தான் அந்த ரொட்டியைச் சாப்பிட வேண்டும், வேறு யாரும் தொடக்கூடாது என்பது அக்கா வைத்திருந்த சட்டம். என் இடது கை பதிந்த ரொட்டியை என் வலது கையால் பிய்த்துத் தின்றேன். முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை. ருசியாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

ஒரு வாரம் கழித்து உளிகளை வாங்கப் போனேன். பழைய காப்பி மரத்தின் அடிக்கட்டையில் செதுக்கிய பிடிகள். பித்தளைக் குழாயை அறுத்து மாட்டிய பூண். பார்க்கிறதுக்கு அப்படியொன்றும் அழகு இல்லை, கொஞ்சம் கோணல்கூட. இடது கையில் பிடித்தேன். பிடித்த மாத்திரத்தில் உடம்பு சிலிர்த்தது. பதினெட்டு வருஷமாக உளி பிடிக்கிறேன், ஒருநாளும் உளி இப்படி என் கைக்குள் வந்து உட்கார்ந்ததில்லை. சந்தோஷம் என்று சொல்லமாட்டேன், கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. யாரோ ஒருவர் ஒரு நிமிஷம் பார்த்ததில் இவ்வளவு தெரிந்துகொள்ள முடியுமா?

முடியும் என்பதை அப்புறம் நிறையத் தடவை பார்த்தேன்.

ஒரு நாள் நான் உட்கார்ந்திருக்கும்போது ஒருவர் பெண்டாட்டியோடு வந்தார். வீட்டில் விறகு வெட்டும் கோடரிக்குப் பிடி மாற்ற வேண்டும். தானே தினமும் வெட்டுவதாகவும், இரண்டு மணி நேரம் வெட்டினாலும் தனக்கு மூச்சு வாங்காது என்றும் பெருமை பேசிக்கொண்டிருந்தார். அக்கா பழைய பிடியை மடியில் வைத்துத் தடவினார். அவரை விட்டுவிட்டு, வாசலில் நின்ற பெண்ணைப் பார்த்து, “நீ வா தாயி, ஒன் கையக் கொண்டா. ஒனக்குத்தானே பிடி போடணும்” என்றார். அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்த சிரிப்பு களத்தைத் தாண்டிக் கேட்டது. மனுஷன் வெளியே போய் பீடி பற்றவைத்துக்கொண்டார். ரொட்டியை அந்தப் பெண்தான் சாப்பிட்டாள்.

இன்னொரு நாள் சிரிப்பதற்கு எதுவும் இல்லை. வத்தலக்குண்டிலிருந்து வந்ததாகச் சொன்ன ஒருத்தன் ஒரு இழைப்புளியைக் கொடுத்துப் பின்பிடியை மாற்றச் சொன்னான். பிடியில் குறையே இல்லை. அக்கா அதைப் பிடித்துப் பார்த்தார், அவன் கையையும் பிடித்துப் பார்த்தார்.

“இது எடக்கைக்காரன் பிடிச்சது. நீ சோத்துக்கைக்காரன்.”

“எங்கப்பாவோடதுங்க.”

“அப்ப அவரக் கூட்டிட்டு வா. கையப் பாத்துட்டு மாத்தித் தாறேன். அதுவரைக்கும் இது இங்க கெடக்கட்டும்.”

அவன் முகம் வெளுத்துப்போனது. போனவன் திரும்பவே இல்லை. மாசம் ஒன்றான பிறகு, பெருமாள்மலையில் வேலை பார்க்கும் இடதுகைத் தச்சர் ஒருவர், சாமான் திருட்டுப்போய்விட்டது என்று ஊர் ஊராகத் தேடிக்கொண்டு அங்கே வந்தார். அக்கா எதுவும் விசாரிக்கவில்லை. அவர் கையில் இழைப்புளியை வைத்தார், அது பொருந்தியது, எடுத்துக்கொண்டு போகச் சொன்னார்.

“மூஞ்சி என்னமும் கதைக்கும் தம்பி. கைக்கு அந்த வேலயெல்லாம் தெரியாது” என்று என்னிடம் சொன்னார்.

அன்றிலிருந்து அக்காவின் வீட்டுக்குப் போனால் கைகளை ஸ்வெட்டர் பைக்குள் விட்டுக்கொள்ள ஆரம்பித்தேன். நான் எதையும் திருடவில்லை. ஆனாலும் என் கையில் இவர் வேறு என்னவெல்லாம் பார்த்து வைத்திருக்கிறாரோ என்று ஒரு கூச்சம். மனிதனுக்கு மறைப்பதற்கு ஏதாவது இருந்துகொண்டேதானே இருக்கிறது.

என் கையில் நானே பார்க்காத ஒன்று இருந்தது.

மூன்றாம் வருஷம் உளி நழுவ ஆரம்பித்தது. வலது கையால் கொட்டாப்புளியைப் போடும்போது இடது கைக்குள் உளி லேசாகத் திரும்பும். ஒரு தேக்குச் சட்டத்தை அப்படித்தான் பாழாக்கினேன். காலையில் விரல் மரத்துக் கிடக்கும். அது டிசம்பர் மாசம். கொடைக்கானலில் டிசம்பரில் விரல் மரத்துப்போகாதவன் எவன் இருக்கிறான்? டீக்கடையில் எல்லோரும்தான் டம்ளரை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு, “வெரலே என்னோடது இல்லப்பா” என்பார்கள். நானும் சொன்னேன், எல்லோரோடும் சேர்ந்து சிரித்தேன். ஜனவரி போய், மார்ச் வந்து, வெயில் அடித்தது. என் சுண்டுவிரலுக்கு மட்டும் டிசம்பர் போகவில்லை. அது எனக்கு உறைக்கவில்லை. பிடிதான் மெலிசாக இருக்கிறது, கொஞ்சம் தடிமனாகப் போட்டால் சரியாகிவிடும் என்று முடிவுகட்டிக்கொண்டு தாண்டிக்குடிக்கு பஸ் ஏறினேன்.

“தடிமனாவா? எதுக்கு?”

“பிடிமானம் பத்தலக்கா. கொஞ்சம் பருமனாப் போட்டுக் குடுங்க. வெரசா வேணும், சோலி நெறைய கெடக்கு.”

அக்கா என் பழைய பிடியை எடுத்து ஜன்னலுக்குப் போனார். நேரம் ஆயிற்று. திருப்பினார், மோந்து பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். கைப்பிடியைப் பற்றி அறியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நாள்பட்ட பிடி கறுத்துப் பளபளவென்று ஆவது எண்ணெயால் இல்லை, வேர்வையால். கை எங்கெல்லாம் படுகிறதோ அங்கெல்லாம் வேர்வை ஊறி மரம் கறுக்கும்.

“இங்க வந்து பாரு. கட்டவெரல் எடம் கறுப்பு. இந்த ரெண்டு வெரல் எடமும் கறுப்பு. இந்தா, மோதிர வெரலும் சுண்டு வெரலும் இருக்கிற எடம், வெளுத்துக் கெடக்கு. வேர்வ ஏறல.”

“அதனால?”

“நீ பிடிக்காம இல்ல. பிடிச்ச தேய்மானம் இருக்கு. பிடிச்சிருக்க, ஆனா அந்த ரெண்டு வெரலும் வேர்க்கல. கையக் குடு.”

கொடுத்தேன். அக்கா என்னை ஜன்னல் பக்கம் திரும்பச் சொன்னார். வெளியே களத்தில் யாரோ காப்பிக் கொட்டையைக் கால்களால் கிளறிவிட்டபடி நடந்துகொண்டிருந்தார்கள். மலையிலிருந்து மூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது.

“கையப் பாக்காம சொல்லு. இப்ப எந்த வெரலத் தொடுறேன்?”

“கட்டவெரலு.”

“இப்ப?”

“நடுவெரலு. என்னக்கா வெளையாட்டு இது?”

“இப்ப?”

காத்திருந்தேன். “இன்னும் தொடலையே நீங்க.”

“திரும்பிப் பாரு.”

திரும்பினேன். பிடிகளில் துளை போடுகிற கூர் ஊசியின் முனை என் சுண்டுவிரலுக்குள் இறங்கி நின்றது. ஒரு சொட்டு ரத்தம் உள்ளங்கை வழியாக ஓடி மணிக்கட்டுக்கு வந்துவிட்டிருந்தது. என் விரல். என் ரத்தம். எனக்குச் சேதியே வரவில்லை.

அந்த நிமிஷத்தை எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்துவிட்டேன். வலித்திருந்தால் கத்தியிருப்பேன், திட்டியிருப்பேன், போய்விட்டிருக்கும். வலி இல்லாததுதான் என்னை உலுக்கிப் போட்டது. ஊசியை நானே பிடுங்கினேன். அப்போதும் வலிக்கவில்லை.

“ஆஸ்பத்திரிக்குப் போ தம்பி. இது பெரிய வியாதி. எனக்குத் தெரியும்.”

பெரிய வியாதி என்றால் எங்கள் பக்கம் எந்த வியாதி என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தொழுநோய் என்று யாரும் வாயால் சொல்லமாட்டார்கள்.

“வாயக் கழுவுங்க!” என்று கத்தினேன். “பிடி போடத் தெரிஞ்சா டாக்டர்னு நெனப்பா? ஊசியால குத்தி ரத்தம் பாக்குறீங்களே, நீங்களெல்லாம் மனுஷியா?”

“தடிமனா பிடி மட்டும் போட்டுக்காத. என்னால ஏலாது. வேற யாருகிட்டயும் போயும் போட்டுக்காத.”

பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். திட்டிக்கொண்டே வந்தேன். அந்த அம்மாவின் கை, கால், குலம், கோத்திரம், ரொட்டி, சம்பல் எதையும் விடவில்லை. வீட்டில் மனைவியிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சுண்டுவிரலில் பிளாஸ்திரி எதற்கு என்று கேட்டவளிடம், சிராய் ஏறிவிட்டது என்றேன்.

அடுத்த வாரமே திண்டுக்கல்லுக்குப் போய், கடைசல் பட்டறையில் கொடுத்து, இரண்டு சுற்றுப் பருமனாகப் பிடிகள் கடைந்து வாங்கிவந்தேன். என்ன ஆச்சரியம்! உளி நழுவவில்லை. வேலை கிடுகிடுவென்று நடந்தது. இரண்டு மாசம் ராஜா மாதிரி வேலை பார்த்தேன். ஒவ்வொரு சட்டத்தை முடிக்கும்போதும், பார்த்தாயா பிடியக்கா, உன் சோசியம் என்ன ஆச்சு என்று மனசுக்குள் கேட்டுக்கொண்டேன். அத்தனை வீம்பு எனக்கு.

ஒருநாள் காலையில் பட்டறை வாசலில் நிழல் தட்டியது. நிமிர்ந்தேன். சால்வையும் மஞ்சள் பையுமாகப் பிடியக்கா நின்றுகொண்டிருந்தார். எப்போதாவது பண்ணைக்காடு வரை போவதைத் தவிர, லயனை விட்டு அவர் வெளியே வந்து நான் கேள்விப்பட்டதில்லை. பஸ் மாறி மாறி அட்டுவம்பட்டிக்கு வந்து, இறங்கிய இடத்தில் டீக்கடையில் இருந்தவர்களிடம், “நெட்டவெரல் தச்சரு வீடு எது?” என்று கேட்டிருக்கிறார். அப்படி யாரும் இங்கே இல்லை என்று சிரித்திருக்கிறார்கள். அக்கா கவலைப்படாமல், தச்சுவேலை செய்கிறவர்களின் வீடுகளை ஒவ்வொன்றாகக் காட்டச் சொல்லி, வீடு வீடாகப் போய் ஆண்களின் கைகளைப் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறார். நான் மூன்றாவது வீடு.

உள்ளே வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. மேஜையில் கிடந்த தடித்த பிடிகளைப் பார்த்தார். மஞ்சள் பையைக் கவிழ்த்தார்.

உளிப்பிடிகள் உருண்டன. எல்லாம் பழையவை. அக்கா அவற்றை எடுத்து வரிசையாக அடுக்கினார். முதல் பிடி சாதாரணப் பருமன். அடுத்தது கொஞ்சம் தடிப்பு. அதற்கடுத்தது இன்னும் கொஞ்சம். போகப்போக, கடைசிக்கு முந்தியது பூரிக்கட்டை அளவு இருந்தது. கடைசிப் பிடியில் தோல்வார் ஒன்று ஆணியடித்திருந்தது, கையோடு சேர்த்துக் கட்டிக்கொள்வதற்கு.

“எங்க வீட்டுக்காரரு தச்சரு. தோட்டத்துல பொட்டி அடிக்கிற வேல, பங்களா ரிப்பேரு. கை பிடிக்க ஏலலன்னாரு. நான் கெட்டிக்காரின்னு எனக்கு நெனப்பு. தடிப்பா போட்டுக் குடுத்தேன். வேல நடந்துச்சு. மறுபடி ஏலலன்னாரு. இன்னும் தடிப்பா போட்டேன். அதுவும் நடந்துச்சு. கை கொறையக் கொறைய நான் பிடியக் கூட்டிக்கிட்டே போனேன். வேலதான் நடக்குதே, அவரு எதுக்கு ஆஸ்பத்திரிக்குப் போவாரு?”

கடைசிப் பிடியைத் தூக்கி அந்த வாரை விரித்துக் காட்டினார்.

“இதக் கட்டுறப்ப அவருக்கு ரெண்டு கையிலயும் வெரல் மடங்கிப்போச்சு. வெந்தாலும் தெரியாது, அறுத்தாலும் தெரியாது. அப்புறம் வெரலே இல்ல. பதினோரு வருசம் நாந்தான் ஊட்டிவிட்டேன். மொதல் பிடி கேட்டப்பவே போயிருந்தா மாத்திரையில போயிருக்கும்னு டாக்டரு சொன்னாரு. நான் போட்ட பிடிதான் தம்பி அவரு கையத் தின்னுச்சு.”

குரல் ஏறவில்லை, இறங்கவில்லை. அப்போதுதான் பின்னால் டம்ளர் சத்தம் கேட்டது. வந்தவருக்கு டீ கொண்டுவந்த என் மனைவி, கதவுப் பக்கத்தில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றிருந்தாள். டீ அவள் கையில் சிந்தியிருந்தது.

எனக்கு எல்லாம் முடிந்ததென்று தோன்றியது. அவள் அம்மா வீடு, எங்கள் தெரு, என்னை வேலைக்குக் கூப்பிடுகிறவர்கள், எல்லாம் ஒரே நொடியில் கண்முன்னால் வந்து போயின.

அவள் டம்ளரை வைத்துவிட்டு வந்து என் இடது கையைப் பிடித்தாள். சுண்டுவிரலைக் கிள்ளினாள். நகம் பதியக் கிள்ளினாள். என் முகத்தைப் பார்த்தாள். அது சுளிக்கவில்லை. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

“எத்தன மாசமா?”

“டிசம்பர்லருந்து.”

“நாளைக்கு வெள்ளனே கெளம்புங்க. நானும் வரேன்.”

இதற்குள் அக்கா நான் திண்டுக்கல்லில் கடைந்து வாங்கிய பிடிகளை உளிகளிலிருந்து தட்டிக் கழற்றி, பட்டறை மூலையில் எரிந்துகொண்டிருந்த மரத்தூள் அடுப்பில் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டிருந்தார். வேறு நாளாக இருந்தால் நான் அடிக்கக்கூடப் போயிருப்பேன். அன்றைக்குப் பார்த்துக்கொண்டு நின்றேன். டீயைக் குடித்துவிட்டு, கணவரின் பிடிகளைப் பைக்குள் எண்ணிப் போட்டுக்கொண்டு, மதிய பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

அரசு ஆஸ்பத்திரியில் வயசு குறைந்த ஒரு டாக்டரம்மா பேனா முனையால் என் கையைத் தொட்டுத் தொட்டுக் கேட்டார். முழங்கைக்கு மேலே தேமல் என்று நான் நினைத்திருந்த வெளிறிய இடத்தைத் தடவினார். முழங்கை எலும்புக்குப் பின்னால் நரம்பை உருட்டிப் பார்த்தார். அக்கா பிடியில் படித்ததைத்தான் அவர் கையில் படித்தார். ஒரு வருஷ மாத்திரை, இலவசம். சாப்பிட ஆரம்பித்ததும் யாருக்கும் ஒட்டாது, நரம்பு மொத்தமாகக் கெடுவதற்கு முன்னால் வந்துவிட்டீர்கள் என்றார். முதல் மாத்திரை போட்டுவிட்டுச் சிறுநீர் சிவப்பாகப் போனதும் ரத்தமென்று நினைத்து நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர் ஓடிவந்துவிட்டார். மாத்திரையின் நிறம்தான் அது என்று டாக்டரம்மா சொன்னதை நான் சரியாகக் கேட்டுக்கொள்ளவில்லை.

யார் உங்களை அனுப்பியது என்று சீட்டு எழுதுகிற நர்ஸ் கேட்டார். வாய் திறந்தேன், பேர் வரவில்லை. அத்தனை வருஷத்தில் நான் கேட்டதே இல்லை. அவருக்கு என் முகம் தெரியவில்லை என்று ரோஷப்பட்டவன் நான். “பிடி போடுற அக்கா” என்றேன். நர்ஸ் அப்படியே எழுதிக்கொண்டார். போன மழைக்காலத்தில் அக்கா காலமானபோது லயன்காரர்கள் பேரைச் சொன்னார்கள். அதை இங்கே எழுதப் போவதில்லை. எனக்கு அது வேறு யாருடைய பேர் மாதிரியோ இருக்கிறது.

அதற்கெல்லாம் முன்னால், மாத்திரை தொடங்கி எட்டாவது மாசம், பிடியில்லாத உளிகளை எடுத்துக்கொண்டு தாண்டிக்குடிக்குப் போனேன். களத்தில் நின்று கையைக் காட்டினேன்.

“நெட்டவெரலு. வா. கழுவிட்டு வா.”

கழுவினேன். சோப்புப் போட்டு மூன்று முறை கழுவினேன். அக்கா மாவு உருண்டையை நீட்டினார். என் கை தானாக முதுகுக்குப் பின்னால் போய்விட்டது.

“அக்கா, இது சாப்பாட்டு மாவு. களிமண்ணு எதுலயாவது பிடிக்கட்டுமா?”

“களிமண்ணுல எனக்கு அளவு தெரியாது. பிடி.”

பிடித்தேன். அக்கா அதை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல், மோதிரவிரல். சுண்டுவிரல் பள்ளம் லேசாகத்தான் இருந்தது. ஆனால் இருந்தது. அதில் தன் விரலை வைத்து அக்கா ரொம்ப நேரம் நின்றார். பிறகு எப்போதும்போலத் தட்டிக் கல்லில் போட்டார். வெந்ததும் தட்டில் வைத்தார். பிடித்தவன்தானே சாப்பிட வேண்டும், வலது கையை நீட்டினேன்.

அக்கா தட்டை என்னிடம் தரவில்லை. ரொட்டியைப் பிய்த்துத் தன் வாயில் போட்டுக்கொண்டார்.

“அக்கா! அது என் கை பட்டது. எடது கைக்கா. நான்தானே சாப்பிடணும்?”

அவர் காதில் வாங்கவில்லை. சம்பலைத் தொட்டுத் தொட்டு முழு ரொட்டியையும் தின்றார். பட்டறையில் அன்றைக்குக்கூட வராத அழுகை அப்போது வந்தது. சத்தம் வராமல் பல்லைக் கடித்துக்கொண்டேன். அக்கா கையைத் துடைத்துவிட்டு, இன்னொரு உருண்டையை என் இடது கையில் வைத்து, தன் விரல்களால் என் விரல்களை மூடினார்.

“சுண்டுவெரல இன்னும் கொஞ்சம் அமுத்து.”

அமுத்தினேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அழுவாத தம்பி. கை நடுங்குது. அளவு மாறிப்போகும்.”